மந்திரக்கோலே கிடையாது

"மாயம் தானா எடுத்துக்காதுடி! அவளாத்தான் கொடுக்கிறா. நாலு பாகம் படிச்சும் இதுகூடப் புரியலைன்னா உன்னை என்னதான் பண்றது?"

சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினாள் பூச்சி. எந்நேரமும் புத்தகத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் பள்ளியில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர் அது. கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் மாடி வீட்டுத் தோழி சுருட்டை.

"அவ எங்கடி கொடுத்தா? விசில் அடிச்சா பூட்டு திறக்கும். உடனே ஒரு சத்தம் அவ காதுக்குக் கேக்காமப் போயிடும். முதல்ல மணிச்சத்தம் போச்சு, அப்புறம் குதிரைக் குளம்பு. 'எடுத்துக்கோ'ன்னு அவளா சொன்னா? பிக்பாக்கெட் மாதிரி அதுவே உருவிக்குது!"

'ஆயிரம் பூட்டு நகரம்' என்ற கதைவரிசையைப் பற்றித்தான் சண்டை. எங்கோ ஒரு பனிநாட்டில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்த கதை. இருவருக்கும் அதுதான் சோறு தண்ணீர்.

ஜன்னலோரம் சித்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்து அரை வருடம் ஆகிறது. "சித்தின்னு கூப்பிடும்மா" என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். பூச்சி அப்படியும் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேசிவிட்டால், போய்ச் சேர்ந்த அம்மாவை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

சித்தியும் வற்புறுத்தியதில்லை. சாப்பாட்டை எடுத்து வைப்பார், சீருடையை மடித்து வைப்பார், பிறகு தன் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். அது என்ன வேலை என்று பூச்சி கேட்டதில்லை. கேட்கவேண்டுமானால் பேசவேண்டுமே!

"இதுக்குப் போயா இவ்வளவு சண்டை?" என்றார் சித்தி, சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டபடி. "அந்தப் பொண்ணு மந்திரக்கோலை ஒரு சுத்து சுத்தினா பூட்டு திறந்துடப் போகுது."

சுருட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். பூச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"வைரம் வெச்ச மந்திரக்கோல்தானே? அட்டையிலகூடப் பார்த்த ஞாபகம்."

"மந்திரக்கோலே கிடையாது!"

அரை வருட வைராக்கியம் ஒரே மூச்சில் காற்றோடு போய்விட்டது.

"அந்தக் கதையில எங்கேயுமே மந்திரக்கோல் கிடையாது! அட்டையில இருக்கிறது சாவி!"

"ஓ, சாவியா? நான் ஏதோ குச்சின்னு நினைச்சேன். அப்போ பூட்டை யாரு, பூதமா வந்து திறக்குது?"

"பூதமா!" பூச்சி ஒரே தாவலில் இஸ்திரி மேஜைக்கு வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நான் கிளம்பறேன். இனிமே இவ உங்களைத் தூங்கவிட மாட்டா" என்று சுருட்டை நழுவினாள்.

பூச்சி அதைக் கவனிக்கவே இல்லை. "நல்லாக் கேட்டுக்கோங்க. மூணாம் பாகத்துல அவ தம்பியைச் சிறையில போட்டுடறாங்க. எவ்வளவு விசில் அடிச்சும் பூட்டு அசையலை. ஏன்னா, ஏதோ ஒரு சத்தத்தைக் கொடுத்தாப் போதாது. எதைக் கொடுத்தா ரொம்ப வலிக்குமோ அதைக் கொடுக்கணும். அதனால தம்பி குரலையே கொடுத்துடறா. இனி அவன் பேசறது அவளுக்கு மட்டும் கேக்காது."

"இது என்ன கூத்து? கூடப் பேச முடியாத ஆளைக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்?"

"பேச்சு கேக்கலைன்னா என்ன? அவன் பக்கத்துலயே இருக்கான்ல! 'அவன் உதடுகள் அசைந்தன. அவளுக்கு அது பனி விழுவதுபோல் இருந்தது.' இந்த வரிக்கு நான் எத்தனை தடவை அழுதிருக்கேன் தெரியுமா?" பூச்சி இஸ்திரி மேஜையைத் தட்டினாள். "உங்களுக்கு எங்கே தெரியப்போகுது? படிச்சிருந்தாத்தானே!"

சித்தி, தேய்த்து முடித்த சட்டையையே எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

"அடிப்படையே தெரியாமப் பேசறீங்க. இருங்க, முதல் பாகத்தை எடுத்துட்டு வரேன்."

அலமாரியில் தேடி, கட்டிலுக்கடியில் தேடி, கடைசியில் தலையணை உறைக்குள்ளிருந்து புத்தகத்தை உருவிக்கொண்டு அவள் திரும்பியபோது, கூடத்தில் அப்பாவின் குரல் கேட்டது. மருந்துக்கடையிலிருந்து வந்திருந்தார்.

"என்ன, வாசல் வரைக்கும் சத்தம்?"

"ஏங்க, உங்க பொண்ணு என்கிட்ட பேசிட்டா! திட்டித் தீர்த்துட்டா. மந்திரக்கோல்னு சும்மா கிளறிவிட்டேன், பொறுக்க முடியலை அவளுக்கு." சித்தியின் குரலில் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

"இந்தக் கஷ்டமெல்லாம் எதுக்கு? நாலு பாகத்தையும் தமிழ்ல மொழிபெயர்த்ததே நீதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வந்த அன்னைக்கே உன் கழுத்தைக் கட்டிக்கிட்டிருப்பாளே!"

"மெதுவா! அவளுக்கு என்னைப் பிடிக்கலைன்னா பரவாயில்லைங்க. என்னால அந்தக் கதை பிடிக்காமப் போயிடக்கூடாது."

பூச்சி அப்படியே நின்றாள். புத்தகத்தைப் பிரித்தாள். பூட்டுகளின் பெயரெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவள், முதல் பக்கத்தின் அடியில் 'தமிழில்' என்று போட்டிருந்த பெயரை அன்றுதான் முதன்முதலாகப் படித்தாள்.

பிறகு சத்தமில்லாமல் நாலடி பின்னால் போய், தொம் தொம்மென்று தரை அதிர நடந்து வந்தாள்.

"சித்தி! புத்தகம் கிடைச்சுடுச்சு. வந்து உக்காருங்க, ஒண்ணும் பயப்படாதீங்க, நான் மெதுவாவே சொல்லித் தரேன்."