சத்தமா வை

வேதாசலம் ஏரிக்கரையிலிருந்து வந்ததும் ரேடியோவின் சத்தத்தை முழுதாகக் கூட்டினான்.

"இன்னாய்யா, இந்த நாடகம் வந்தாலே ரேடியோவைத் தூக்கி ஏரியில போடுவேன்னு கத்துவியே?" என்றாள் காந்தா.

"இன்னிக்குக் கேப்போம். சோத்தைப் போடு."

"என் தம்பியும் வந்துடட்டும்யா."

"ரெண்டு நாளா வெறும் கஞ்சித் தண்ணி. மொதல்ல நீயும் பசங்களும் துன்னுங்க."

நாடகத்தில் குடிகாரப் புருஷனைப் பெண்டாட்டி துடைப்பத்தோடு துரத்தினாள். அவர்களின் பிள்ளைகள் ஒரே பாய்க்கு அடித்துக்கொண்டார்கள்.

"நம்ம வூட்டுக் கதைதான் நைனா!" பெரியவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"பேசாம துன்னு." காந்தாவின் தட்டில் அவனே இன்னொரு கரண்டி சோறு வைத்தான்.

"நீ துன்னலியா?"

"பசியில்ல."

காந்தா கை கழுவும்வரை காத்திருந்து ரேடியோவை அணைத்தான். கரைப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது.

"யார் வூட்லய்யா?"

அவன் அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். சாவு வீட்டில் பிணத்தை எடுக்கும்வரை யாரும் ஒரு வாய் சோறு தொடக்கூடாது.

"படகு கவுந்துடுச்சி காந்தா. உன் தம்பியைத் தூக்கினு வராங்க."

காந்தா ஈரம் காயாத தன் கையையே பார்த்தாள்.