மோகன்ராஜின் கட்டைவிரல்

சாம்சனின் கண் மோகன்ராஜின் வலதுகைக் கட்டைவிரலை விட்டு நகரவில்லை. நகத்தை நீளமாக விட்டு, நுனியைக் கூராக வைத்திருந்தான். அந்த விரலை ஒடித்துப் போட்டுவிட்டால் என்ன என்று சாம்சன் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

“இன்னாப்பா, ஆட்டோவ கொண்டாந்து கட வாசல்லயே சொருவி வெச்சிகீற? கஸ்டமர் எப்டி உள்ள வருவான்?”

“சவாரி வண்டிக்குள்ள குந்திகினு கீறாரு மொதலாளி. தோ, போயிடுவேன்.” சாம்சன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். “இது ஆன் ஆவல. இன்னான்னு பாருங்க.”

புதுவாயல் கூட்ரோட்டில் மோகன்ராஜ் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. கம்பெனிகள் கழித்துப்போட்ட லேப்டாப்பை வாங்கி, துடைத்து, புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்பான். அடியில் ஒரு ஸ்க்ரூ மேல் கடைப் பெயர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்திருந்தால் வாரன்ட்டி கிடையாது.

கிழிப்பது யார் என்பதுதான் சங்கதி.

சாம்சனின் மகள் சுகிர்தா படித்த பெண். போன வருஷம் இங்கே வாங்கின லேப்டாப்பில் வேலைக்கு இன்டர்வியூ பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் திரை கருத்துப்போனது. திரும்பக் கூப்பிட அந்தக் கம்பெனிக்காரன் என்ன சொந்தக்காரனா? இப்போது சிப்காட்டில் நின்றபடியே பேக்கிங் செய்துவிட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வருகிறாள்.

அன்றைக்கும் சாம்சன் இதே மேஜை முன்னால்தான் நின்றான். மோகன்ராஜ் லேப்டாப்பைத் திருப்பினான். கட்டைவிரல் ஒரு இழுப்பு இழுத்தது. “ஸ்டிக்கர் கிழிஞ்சிகீது, நீ கழட்டிகீற” என்றான். சாம்சன் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். எவன் நம்பினான்? கடையில் இருந்தவர்கள் ஆட்டோக்காரனைத்தான் மேலும் கீழும் பார்த்தார்கள்.

இன்றைக்கும் அந்த விரல் சும்மா இருக்கக் கூடாது என்று கர்த்தரை வேண்டிக்கொண்டுதான் படியேறியிருந்தான்.

மோகன்ராஜ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். மூடியின் மூலையில் காய்ந்துபோன சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சி, பொரி படைச்சியா? சந்தனம் கரைச்ச தண்ணி உள்ள எறங்கினா எப்டி ஆன் ஆவும்? ஆட்டோன்னு நெனச்சிக்கினியா இத்த?” தன் பேச்சுக்குத் தானே சிரித்தான்.

சாம்சன் திரும்பி, வாசலில் நின்ற ஆட்டோவை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

மோகன்ராஜின் போன் அடித்தது. சமையல்காரன் போலிருக்கிறது. “வடைய கொறைக்காதய்யா, மாப்ள ஊட்டுக்காரங்க மூஞ்ச தூக்கிக்கப் போறாங்க” என்று சொல்லி வைத்தான். “தையில பொண்ணு கல்யாணம்பா. ஒரே பேஜாரு. இதுல நீ வேற.”

“வாரன்ட்டி கீதுல்ல மொதலாளி?”

அந்த ஒரு சொல்லில் சிரிப்பு நின்றது. மோகன்ராஜ் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பினான். உள்ளங்கையால் அடிப்பக்கத்தை மூடினாற்போலப் பிடித்தான். கட்டைவிரல் போய் ஸ்க்ரூவைத் தேடியது. சரக்.

“தோ பாரு. ஸ்டிக்கர் கிழிஞ்சி தொங்குது.”

“இப்பதான உங்க நெகம் பட்டு கிழிஞ்சிது?” சாம்சன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். “நான் வெக்கறப்போ முழுசா இருந்துச்சே!”

“இன்னாய்யா சொன்ன? நான் கிழிச்சனா?” மோகன்ராஜ் எழுந்துவிட்டான். “போன தபாவும் இதே பாட்டுதான் பாடின நீ!”

“கத்தாதீங்க. இத்த வெச்சிருக்கறவங்க ரொம்ப மரியாதப்பட்டவங்க. நேர்ல வந்து கேக்கறதுக்கே கூச்சப்பட்டுக்கினு எங்கிட்ட குடுத்து உட்டாங்க. அவங்க கழட்டி கிழட்டி பாக்கற ஆளுங்க இல்ல.”

“மரியாதையாம் மரியாத! உள்ள இருந்த நல்ல பார்ட்ட உருவி வித்துட்டு, ஓசியில புதுசு கேக்க வந்துட்டானுங்க. டுபாக்கூர் பசங்க!”

“வாணாம் மொதலாளி. பெரிய ஊட்டுக்காரங்க.”

“பெரிய ஊடா? திருட்டு ஊடுய்யா அது! அப்பன், புள்ள எல்லாம் சேர்ந்து திருடற ஊடு. எவனா இருந்தா எனக்கின்னா? தெகிரியம் இருந்தா வரச்சொல்லு, மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.”

சாம்சன் தலையை ஆட்டினான். வாசலை மறைத்துக்கொண்டு நின்றவன் மெதுவாக ஒதுங்கி வழிவிட்டான்.

ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் இறங்கி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மோகன்ராஜின் வாய் திறந்தபடியே நின்றது. கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் துண்டைச் சட்டையில் தேய்த்தான். அது போகவில்லை.

வந்தவர் அந்த விரலைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். கடைசியில் மோகன்ராஜின் முகத்தைப் பார்த்தார்.

“நிச்சயத்தன்னிக்கி இத்த தட்டுல வெச்சி எங்களுக்குக் குடுத்ததே நீங்கதான, சம்பந்தி?”