இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்கள்

பீரோ சாவியைத் தர முடியாது என்று டாக்டரிடம் சொன்னார் ஸ்டோர் கீப்பர் சங்கரநாராயணன்.

பக்கத்து அரங்கில் நடப்பது அவளுக்கான பாராட்டு விழா. துறைத்தலைவரின் குரல் மைக்கில் சுவரைத் தாண்டி வந்தது. நம் மருத்துவக் கல்லூரியிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை. இருநூற்றுப் பதினான்கு முறை. பிரேசிலில்கூட.

கைதட்டல்.

"மேடைக்குப் போங்க மேடம். உங்களத்தான் தேடுதாங்க," என்றார் சங்கரநாராயணன்.

அவள் நகரவில்லை.

பீரோவுக்குள் பதினொரு பி.பி. மிஷின்கள் இருக்கின்றன. பதினொரு கிராம நர்சுகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த எண்கள்தான் அவளுடைய கட்டுரை.

அதன் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் எந்நேரமும் ஒரு பி.பி. மிஷின் இருக்க வேண்டும்.

அந்த வரியை எழுதிய வாரம்தான் மிஷின்களைத் திரும்ப வாங்கினாள்.

ஆய்வு முடிந்தால் பொருள் ஸ்டோருக்கு வந்தாக வேண்டும், ஆடிட் வருகிறது என்றார்கள். ஜீப்பில் போய் அவளே வாங்கி வந்தாள். நர்ஸ் எப்சிபா மட்டும் தயங்கினாள். எப்சிபாவின் நிலையத்தில் இருந்த பழைய மிஷின் பழுதாகி வெகுநாள் ஆகியிருந்தது.

ஆடிட் முடிந்ததும் திரும்பத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நான்கு வருடம்.

மறந்தே போனாள். மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் வாராவாரம் மறக்காமல் பார்த்தாள். நூறைத் தாண்டிய அன்று துறைக்கே அல்வா வாங்கிக் கொடுத்தாள். ஏட்டுச் சுரைக்காயை உலகமே ருசி பார்த்திருக்கிறது. த்தூ.

இன்று காலை எப்சிபா போன் செய்தாள்.

முப்பிடாதி. இருபத்து மூன்று வயது. எட்டாம் மாதம். வலிப்பு வந்து, ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது.

"கால் வீக்கம் சரியில்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு எவ்வளவோ சொன்னேம்மா. மாசமா இருந்தா வீங்கத்தான செய்யும்னுட்டாங்க. நம்பரக் காட்டுனா நம்பியிருப்பாங்க. காட்டுததுக்கு எங்கிட்ட மிஷின் இல்ல."

எப்சிபா அழவில்லை. திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"ஹெச்.ஓ.டி. கையெழுத்து இல்லாம ஒண்ணும் வெளிய போகாது மேடம்," என்றார் சங்கரநாராயணன். "சும்மா பாக்கணும்னா பாத்துக்கோங்க."

திறந்தார்.

பெட்டிகளின் மேல் தூசி. ஒன்றுகூடக் குறையவில்லை.

வரும் வழியில் வாங்கிய பேட்டரிகளை ஒன்றில் போட்டாள். பட்டுப்புடவையின் ஜாக்கெட் கைக்குக் கீழே பட்டையைச் சுற்றினாள். பொத்தானை அழுத்தினாள்.

பட்டை இறுகியது. மெல்லத் தளர்ந்தது.

நூற்று எழுபத்து நான்கு. கீழே நூற்றுப் பன்னிரண்டு.

எட்டிப் பார்த்த சங்கரநாராயணனின் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். மொதல்ல உக்காருங்க. யாரையாவது கூப்பிடுதேன்."

"நான் நல்லாத்தான நிக்கேன். எனக்கு முடியலன்னு யாரு சொன்னா?"

"நம்பர் சொல்லுதே மேடம்."

பட்டையைப் பிய்த்தெடுத்தாள். கோபம். யார் மேல் என்று நன்றாகவே தெரிந்த கோபம்.

"இதத்தான் ஒரு பிள்ளைக்குக் காட்டல," என்றாள். "காலைல செத்துப்போச்சு."

அவர் ஸ்டாக் ரிஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினார்.

'யாருக்கு' என்ற கட்டத்தில் எப்சிபா என்று எழுதினாள். கட்டுரையில் எங்குமே இல்லாத பெயர். 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று அன்றைக்கு ஒரே வரியில் முடித்திருந்தாள்.

'திருப்பித் தரும் தேதி' கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

அரங்கில் மூன்றாம் முறையாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வராத ஆளுக்கு இன்னொரு முறை கைதட்டினார்கள்.

பெட்டிகளைச் சாக்கில் கட்டிப் பின்வாசல் வழியாக இறங்கினாள். ஆட்டோவில் ஏறியதும் போன் செய்தாள்.

"எப்சிபா, பதினொண்ணையும் எடுத்துட்டு வாரேன்."

மறுமுனையில் பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம்.

எப்சிபா கேட்டாள்.

"எத்தன நாளைக்கும்மா?"