புரட்டாத பக்கம்

ஆசிரியர் அறையில் மூன்று பேர். ஜன்னலோரம் பிருங்கி, எதிரே கொமுஹங்கி, கதவருகே ஸ்டூலில் தபால் பையோடு பியூன் அராலி. ருவென்சோரி மலைப் பக்கமிருந்து சாயும் வெயில் மேசையில் பாதிவரை வந்திருக்கிறது. கொமுஹங்கி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பம் பிருங்கியின் கையில் இருக்கிறது. இருப்பது ஒரே ஒரு தலைமையாசிரியை வேலை. அதற்குத் தானும் நேற்றே விண்ணப்பித்துவிட்டதைப் பிருங்கி தோழியிடம் சொல்லவில்லை. "எழுவாயும் வினையும் ஒத்துப்போகுதான்னு மட்டும் பாரு. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்கிறாள் கொமுஹங்கி, வேர்க்கடலையை உடைத்தபடி. "டீச்சரம்மா, மூணு மணி பஸ் உங்க இலக்கணத்துக்காக நிக்காது" என்கிறார் அராலி. எட்டாவது வரியில் பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை. சிவப்புப் பேனா அங்கே வந்து நிற்கிறது. எவ்வளவு அழகான கையெழுத்து, பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. பிருங்கி பேனாவை மூடுகிறாள். "எல்லாம் சரியா இருக்கு." கொமுஹங்கி தாளை மடித்து, உறையின் பசையை நாவால் நனைத்து ஒட்டி அராலியிடம் கொடுக்கிறாள். அவர் சைக்கிளில் கிளம்புகிறார். "பின்பக்கம் பாத்தியா? என் இங்கிலீஷுக்கு நற்சாட்சி சொல்ல உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்கிறாள் கொமுஹங்கி. பிருங்கி எழுகிறாள். அராலியின் சைக்கிள் மணி பள்ளி வாசலைத் தாண்டிக் கேட்கிறது.