பெயருக்கு முந்திய நாள்

பிரசவ விடுப்பில் போகும் அன்று நறுமுகையின் மூளையை நகலெடுத்து வைத்துக்கொண்டது நிறுவனம். ஆறு வருடம் கழித்து அவள் மறுபடி வேலை கேட்டு வந்தபோது, பாலம் கட்டும் பிரிவுக்கே அந்த நகல்தான் தலைமை. நேர்காணலும் அதுவே செய்தது. திரையில் அவளுடைய பழைய முகம், அதே குரல்.

"ஆறு வருஷமா ஒரு பாலம்கூட வரையலையே?"

"பொண்ணை வளர்த்தேன், மேடம்."

தன்னையே மேடம் என்று சொல்ல நாக்குக் கூசியது. ஆனால் மற்ற நான்கு கம்பெனிகளும் கையை விரித்துவிட்டன.

நகல் திரையில் அவளுடைய விண்ணப்பத்தை மூடியது.

"திங்கக்கிழமை வந்துடுங்க. எனக்குக் கீழ ஜூனியர்தான், பரவாயில்லையா?"

"பரவாயில்லை, மேடம்." நறுமுகை எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்." அந்தக் குரல் தணிந்திருந்தது. "பொண்ணா பொறந்துச்சு? பேர் என்ன வச்சோம்?"