மூன்று தட்டுகள்

மதிய வெயில் சலவைக்கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, மடித்து அடுக்கிய சட்டைகளின் காலர்களில் ஏறி நிற்கிறது. இஸ்திரிப்பெட்டிகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. கொழுந்தன் ஸ்டூலில் உட்கார்ந்து கதைப் புத்தகத்தைப் பிரிக்கிறான். தினமும் பத்து நிமிடம் வாசித்தால் மனம் கொஞ்சம் லேசாகும் என்று அண்ணியிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கோ எழுத்தில் கண் நிற்பதில்லை. அதனால் இவன் படித்துக் காட்டுகிறான். ஒரே மகன் இறந்துபோன இந்த இரண்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்திருந்தால் அதிகம். மடியில் ஒரு வெள்ளைச் சட்டையை வைத்து, மேலிருந்து கீழாகப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். கதையில் ஒரு சிறுவன் வருகிறான். அவன் வரும் வரிகளையெல்லாம் கொழுந்தன் முன்கூட்டியே பென்சிலால் அடித்து வைத்திருக்கிறான். அவற்றை நைசாகத் தாண்டிப் போகிறான். “பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்குடா” என்று உள்ளேயிருந்து அண்ணன் சீண்டிப் பார்க்கிறார். அண்ணி சிரிக்கவில்லை. அவள் விரல் மட்டும் நாலாவது பொத்தானில் நின்றுவிடுகிறது.

“மூணு தட்டு வச்சாங்கன்னு படிச்சியே தம்பி. சாப்பிட்டது ரெண்டு பேர்தானே?”

அவன் பென்சில் கோட்டை விரலால் மறைக்கிறான். “அது... இன்னொண்ணு அவங்க பையனுக்கு அண்ணி.”

உள்ளே அண்ணன் துணிகளில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் நிற்கிறது.

“அவனை ஏன் விட்டுட்டே? முதல்லேருந்து படி. அவனும் இருக்கட்டும்.”

அவன் முதல் பக்கத்துக்குத் திரும்புகிறான். சிறுவன் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, பசி பசி என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடி வருகிறான். அண்ணி பாதிப் பொத்தான் போட்ட சட்டையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாள்.

“ம்... மேலே படி.”