படியாத விலை

"நோ சார், நோ! மொத்தமா எடுத்தாலும் ஒரு போர்டு நூத்தி எண்பது டாலர்தான். அதுக்குக் கீழ கட்டாது!"

ஸ்பீக்கரில் கிடந்த போனைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார் கிறிஸ்டோபர். அந்தப் பக்கம் ஆஸ்திரேலியா பார்ட்டி. நூற்று எழுபத்தைந்திலேயே நின்றுகொண்டு, நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னது அந்தக் குரல்.

"ஓகே சார். அங்க குளிரா? ஸ்வெட்டர் போட்டீங்களா? டைமுக்குச் சாப்பிடுங்க சார்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

இந்த வருஷம்தான் ஏற்றுமதி வேலைக்குச் சேர்ந்த மாரீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் காற்றே படாத தேனியில், அலைமேல் சறுக்குகிற சர்ஃப் போர்டுகளை மரத்தில் இழைக்கிற பட்டறை. இந்த ஆர்டர் கைநழுவினால் பட்டறையே படுத்துவிடும். இழைக்கிற பாண்டீஸ்வரன் முதல் பாலிஷ் போடுகிற மாயக்காள் வரை அத்தனை பேர் சோறும் இதில்தான் இருக்கிறது. இந்த மனுசனோ இழுக்கிறார், இழுக்கிறார், அப்படி இழுக்கிறார்! மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள்கூட இதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

"முதலாளி, அஞ்சு டாலர்தானே? விட்டுக் குடுத்து முடிங்களேன். பார்ட்டி வேற பக்கம் ஓடிருவாக!"

"ஓட மாட்டாரு ஆத்தா. வியாபாரம்னா நாலு வார்த்தை பேசணும்ல?"

"நாலு வார்த்தையா? மாசக் கணக்காப் பேசுறீக! போன வாரம் அவுக நூத்தி எண்பதுக்கே சரின்னாக. நீங்கதான் பேக்கிங் கூலி தனின்னு கெளப்பிவிட்டீக. அவுக மறுபடி எறங்கிட்டாக!"

கிறிஸ்டோபர் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது! மாரீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. வந்தது வரட்டும் என்று அந்த நம்பருக்கு அடித்துவிட்டாள்.

"சார், நூற்று எழுபத்தைந்துக்கே முதலாளியைச் சம்மதிக்க வைக்கிறது என் பொறுப்பு. இன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுங்கள், ப்ளீஸ்" என்று இங்கிலீஷில் கெஞ்சினாள்.

பதிலுக்கு அந்தக் குரல் தமிழில் வந்தது.

"வேணாங்க்கா. ஆர்டர் எங்கயும் போகாது. அவுக கேட்ட விலைக்கே எடுத்துக்கிறேன். ஆனா இப்போதைக்கு முடிச்சிராதீக. நான் பிரியப்பட்ட பொண்ணைக் கட்டுனதுலருந்து அப்பா எங்கூடப் பேசுறதில்ல. யாரோ பார்ட்டின்னு நெனச்சுத்தான் இப்பப் பேசுறாக. விலை படிஞ்சுட்டா அதுவும் போயிரும்க்கா."

மாரீஸ்வரி போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் கிறிஸ்டோபர் நிற்கிறார். முகம் வெளிறிக் கிடந்தது.

"போன் போட்டியா ஆத்தா? பார்ட்டி... ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல முதலாளி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் அஞ்சு டாலர் கொறைக்கணுமாம்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார் கிறிஸ்டோபர்.

"அப்ப நாளைக்கும் கூப்பிடுவான்ல, எம்புள்ள!"